காலை ஆறரைக்கு நேற்றைய நாடகம்

கண்ணு,

நீயும் பிரியாவும் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாய். "வேற என்னங்கம்மா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். நிறைய இருக்கிறது. ஆனால் போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து, "அதில்லீங்கம்மா, நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்துவிடுவாய். அப்படிப் பேசத்தானே உன் கம்பெனியில் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். கடிதத்துக்குள் யாரும் நடுவில் புக முடியாது. கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கூட முடியவில்லை, அதற்குள் அம்மா சண்டைக்கு வருகிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். இதைப் பிரியாவுக்கும் படித்துக் காட்டு. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எந்த வீட்டுக்குள் வந்திருக்கிறோம் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

அவளுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது உன் அப்பா பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தத் தெருக்களுக்குக் கேபிள் இழுத்தார். கம்பத்தில் ஏறுவது, வீடு வீடாக வசூலுக்குப் போவது, காற்றுக்கு அறுந்த ஒயரை ஒட்டுவது எல்லாம் அவர் பாடு. வீட்டு முன்னறையில் இருக்கிற கண்ட்ரோல் ரூம் என் பாடு. பெட்டிகளின் சூட்டில் மார்கழியிலும் அந்த அறையில் வியர்க்கும். அங்கே உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய், அங்கேதான் ஆங்கிலப் பாட்டை மனப்பாடம் செய்து என்னிடம் ஒப்பித்தாய். நம்மிடம் கேபிள் வாங்கியவர்கள் பெரும்பாலும் லைன் வீட்டுக்காரர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள். காலையில் உள்ளே போனால் ஷிப்மென்ட் சமயத்தில் எப்போது வெளியே விடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. டிவி வாங்கிவிடுவார்கள், கனெக்ஷனும் வாங்கிவிடுவார்கள், பார்க்க மட்டும் நேரம் கிடைக்காது.

அப்படி ஒரு காலையில் வாசலுக்கு வந்து நின்றவள்தான் செல்வராணி. நம் பின்பக்க லைனில் குடியிருந்த ஓவர்லாக் டெய்லர், திருச்செந்தூர் பக்கத்துக்காரி. கையில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் ஈரம் சொட்டுகிறது. "யக்கா, நேத்து நாடகத்துல அவ புருசன் திரும்பி வந்துட்டானா இல்லியாக்கா? அத மட்டும் சொல்லிருங்க, நான் வேலைக்குப் போறேன்" என்றாள். சொன்னேன். மறுநாள் கூட ஒருத்தியை அழைத்துவந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் வாசலில் கும்பல். கண்ட்ரோல் ரூம் நடத்துகிறாயா, கதாகாலட்சேபம் நடத்துகிறாயா என்று உன் அப்பா கேலி செய்தார். அப்போதுதான் கேட்டேன், "ஏனுங்க, ராத்திரி நாடகத்தை டேப்புல புடிச்சு வெச்சுக் காலையில நம்ம சேனல்ல போட்டா என்னங்க?" நம் லோக்கல் சேனலில் அதுவரை பழைய படமும், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு வாழ்த்தும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பரணிலிருந்து பழைய வீசீஆரை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்.

காலை ஆறரைக்கு நேற்றைய நாடகம். அதுதான் நம் சேனலின் பெயர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாடகம் ஓடும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். விளம்பரம் வந்தவுடன் பட்டனை அமுக்கி நிறுத்துவேன், நாடகம் திரும்பியவுடன் விடுவேன். ஒரு வசனம் தவறியதில்லை. பெருமைக்காகச் செய்ததில்லை அது. விளம்பரத்தோடு போட்டால் சோறு வடித்து, குழம்பு தாளித்து, தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குள் கதை முடியாது. விளம்பரம் இல்லாமல் போட்டால் சரியாக முடியும். பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். லைன் முழுக்கக் கதவு திறந்திருக்கும், ஒவ்வொரு அறையிலிருந்தும் அதே பொம்பளை அதே அழுகையை அழுவாள், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர்களும் கூட அழுவார்கள். சிரிப்பாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும். நாலு தெரு தள்ளி வேறு கேபிள்காரரிடம் இருந்தவர்கள் இந்த நாடகத்துக்காகவே வீடு மாறி நம் லைனுக்கு வந்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்புவார்கள்?

அது திருட்டு என்று நீ பின்னால் எனக்குப் பாடம் எடுத்தாய். எவரோ காசு போட்டு எடுத்த நாடகம், விளம்பரத்தை வெட்டினால் அவர்கள் வருமானம் என்னாவது என்று கேட்டாய். எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்குத்தான் ஒன்று தெரியாது. ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நானும் உன் அப்பாவும் கோயமுத்தூரில் அந்தச் சேனலின் ஆபீசுக்குப் போனோம். காலையில் மறுபடி போட அனுமதி கொடுங்கள், அதற்கு உண்டானதைக் கட்டிவிடுகிறோம் என்று கேட்டோம். ஏசி அறையில் இருந்தவர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். "அப்படி ஒரு ஸ்கீமே இல்லீங்க" என்றார். இல்லாததை விற்க முடியாது என்றார். ஆனால் வேண்டாததை விற்க அவர்களிடம் நிறைய ஸ்கீம் இருந்தது. ஒரு தமிழ் சேனல் வேண்டுமென்றால் இங்கே யாருக்கும் புரியாத பாஷையில் ஒரு கட்டுச் சேனலும் சேர்த்து வாங்க வேண்டும். வருஷா வருஷம் ரேட்டை ஏற்றுவார்கள். ஏற்றியதைக் கட்டாவிட்டால் கிரிக்கெட் நடக்கும்போது பார்த்து நிறுத்துவார்கள். நிறுத்தியது அவர்கள், திட்டு வாங்கியது உன் அப்பா. வசூலுக்குப் போன இடத்தில் கதவை மூஞ்சியில் சாத்தியிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் முகம் எவருக்கும் தெரியாது, தெருவில் சைக்கிளில் போகிற ஆளின் முகம்தான் தெரியும். கேட்பதைக் கொடுக்க வழியில்லாமல், கேட்காததைத் தலையில் கட்டுகிற வியாபாரம் ரொம்ப நாளைக்கு நிற்காது கண்ணு. இதை உன் மீட்டிங்கில் சொல்லிப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். லைன் வீட்டில் ஒருத்தி கனெக்ஷன் வாங்குவாள், ஸ்ப்ளிட்டர் வைத்துப் பக்கத்து அறைகளுக்கெல்லாம் ஒயர் விடுவாள். பணம் ஒரு வீட்டிலிருந்து வரும், படம் வரிசை முழுக்க ஓடும். செல்வராணியும் அப்படித்தான் செய்தாள். கல்லூரி லீவில் வந்த நீ ஓட்டு மேல் ஏறி அதைக் கண்டுபிடித்துவிட்டுக் குதித்தாய், எல்லாத்தையும் வெட்டிவிட வேண்டும் என்றாய். உன் அப்பாதான் தடுத்தார். "உடு கண்ணு. இன்னைக்கு ஓசில பாக்கறவ நாளைக்குக் கல்யாணமாயித் தனி ஊடு போனா நம்மகிட்டதான் வருவா" என்றார். அப்படியே வந்தார்கள். எத்தனையோ பெண்கள் புருஷனோடு தனிக்குடித்தனம் போன முதல் வாரமே கனெக்ஷன் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள். நாடகம் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை. ஒயரை எப்போது வெட்ட வேண்டும் என்பது எவருக்கும் தெரியும். எப்போது விட வேண்டும் என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது.

நீ படிப்பை முடித்து டிஷ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். கேபிள்காரர் மகன் டிஷ் விற்கப் போகிறானா என்று ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பையன் பெரிய கம்பெனிக்குப் போகிறான் என்று முருகன் கோயிலில் அர்ச்சனை வைத்தேன். சென்னையில் டிரெய்னிங் என்று போனாய். ஒருநாள் சாயங்காலம் போன் செய்தாய், குரலில் அப்படி ஒரு குஷி. "அம்மா, இன்னைக்குக் கிளாஸ்ல உங்களப் பத்தித்தானுங்க பேசினேன். டிவி பாக்கறவங்களுக்குப் பெரிய கஷ்டம் என்னன்னு சார் கேட்டாரு. நான் எந்திரிச்சு, எங்கம்மா நாடகத்தைப் புடிச்சு வெச்சுக் காலையில போடறதச் சொன்னேன். விளம்பரத்தை வெட்டறதையும் சொன்னேனுங்க. எல்லாரும் கை தட்டுனாங்கம்மா!" எனக்கும் குஷியாகத்தான் இருந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி நாடகத்தைப் பதியும்போது, என்னவோ சென்னையிலிருந்து அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அந்த மாதமே வந்துவிட்டார்கள். சேனலிலிருந்து டை கட்டிய ஒருவர், கூட இரண்டு போலீஸ்காரர்கள். உன் வகுப்புக்கு விருந்தாளியாக அந்தச் சேனல்காரர் ஒருவரும் வந்திருக்கிறார். வீசீஆரை எடுத்தார்கள், கேசட்டுகளைச் சாக்கில் கட்டினார்கள். டை கட்டியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பையன் ரொம்பத் தெளிவா எக்ஸ்பிளெயின் பண்ணினாரும்மா. அதனாலதான் எங்க வேலை ஈசியா முடிஞ்சுது." உன் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். பொழுது சாய்கிற வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். தெருவில் ஒருவரைக்கூட ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். திரும்பி வந்து, "பையன் காதுல போட்டுடாத, பாவம், வெகுளியாச் சொல்லிட்டான்" என்றார். நான் போட்டேன். நீ போனில் அழுதாய். பெருமையாகத்தான் சொன்னேன் என்றாய். தெரியும் கண்ணு. வேண்டுமென்று காட்டிக்கொடுத்திருந்தால் உன்னை வைது தீர்த்திருப்பேன், அத்தோடு ஆறியிருக்கும். என்னைப் பற்றிப் பெருமை பேசியே என்னைக் கெடுத்தாய், அதை எங்கே கொண்டுபோய் ஆற்றுவது?

மறுநாள் ஆறரைக்கு நம் சேனலில் நீலத் திரை. செல்வராணி வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள், வீசீஆர் இருந்த இடத்தைப் பார்த்தாள், தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தபோது நமக்குத்தான் நல்ல காலம் என்று பொங்கலூர் பக்கம்வரை ஒயர் இழுத்தோம். நம் ஒயர் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கூரைகளில் உங்கள் டிஷ் உட்கார்ந்திருந்தது. கரண்ட் கட் வந்தது. இந்தத் தெருவில் கரண்ட் இருந்தாலும் நாலாவது தெரு ஆம்ப்ளிபயரில் கரண்ட் இல்லாவிட்டால் நம் கேபிளில் படம் வராது. டிஷ்ஷில் வரும். போகிறவர்கள் யாரும் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. திட்டுகிற வரைக்கும் அவர்கள் நம்முடையவர்கள். வசூலுக்குப் போனால் "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்று மரியாதையாகச் சொன்னால் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உன் கல்யாணத்தில் நீ செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தாராபுரத்திலிருந்து பிரியா வீட்டுச் சீர் வண்டி வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர், பெரிய டிவி என்று ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசியில் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஒரு டிஷ் இறங்கியது. கூடவே டிவியோடு சேர்க்கிற அதன் பெட்டி. சொந்தபந்தம் மொத்தமும் உன் அப்பா முகத்தைத்தான் பார்த்தது. நான் சம்பந்தியிடம் கேட்டேன். அவர் பாவம், கையைப் பிசைந்தார். "மாப்பிள்ளைதானுங்க சொன்னாரு, கம்பெனில அவரு பேருலயே சலுகைல வருது, சீரோட சீரா வெச்சிரலாமுன்னு." மாலையும் கழுத்துமாக நீயே மாடிக்கு ஏறி நம் கூரையில் அதை மாட்டினாய். பிறகு என்னைக் கூப்பிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தாய். "அம்மா, இது புதுசுங்க. நாடகத்தை இதுவே புடிச்சு வெச்சுக்கும். வேலை முடிஞ்சு வந்து எப்ப வேணா பாத்துக்கலாம். விளம்பரம் வந்தாத் தாண்டிப் போறதுக்கும் பட்டன் இருக்குது" என்றாய். இது என் யோசனை என்று உன் முகத்தில் ஒரு வெளிச்சம். உன் யோசனையா கண்ணு? எதற்காக உன் அப்பாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்களோ, அதற்கே அட்டைப்பெட்டி போட்டு, படம் அச்சடித்து, மாலையும் போட்டு என் கையில் கொடுக்கிறாய். நான் செய்தால் திருட்டு, நீங்கள் செய்தால் சலுகை.

அடுத்த வாரம் வசூலுக்குப் போன உன் அப்பாவிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "ஏனுங்க, உங்க ஊட்டு மேலயே டிஷ் வெச்சிட்டீங்க, நாங்க மட்டும் எதுக்குங்க கேபிள் பாக்கோணும்?" அவர் நேராக வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார். நீ என்னடாவென்றால், ஊருக்குக் கிளம்பும்போது நம் கேபிள் லைனைப் பெரிய கண்ட்ரோல் ரூம்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள், இனி இதில் ஒன்றுமில்லை என்றாய். உனக்கு ஒன்றுமில்லை. உன் பெட்டியை யார் வாங்குவார்கள்? ஒற்றை அறையில் இருக்கிற டெய்லர் வாங்குவாளா? வாடகை அறைக்கு மேல் டிஷ் மாட்ட வீட்டு ஓனர் விடுவாரா? யாருக்கு அந்த வசதி வேண்டுமோ அவளுக்கு எட்டாத இடத்தில் அதை வைத்துவிட்டு, நாடகத்தை நேரத்துக்கே உட்கார்ந்து பார்க்கிற எனக்கு ஒன்று கொடுத்திருக்கிறாய்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். முந்தாநாள் மாடி அறை டிவியிலிருந்து உன் பெட்டியைக் கழற்றிக் கீழே கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவந்தேன். ராத்திரி நாடகத்தை அது பதிந்துகொண்டது. நேற்றுக் காலையில் அதை நம் லோக்கல் சேனலில் சொருகி ஆறரைக்குப் போட்டேன். விளம்பரத்தைத் தாண்டும் பட்டன் நன்றாகவே வேலை செய்கிறது, உன் கம்பெனியிடம் சொல். கொஞ்ச நேரத்தில் பின்பக்க லைனில் ஒரு சத்தம். செல்வராணி பாதி பின்னிய சடையோடு ஓடி வந்தாள். "யக்கா, திரும்பப் போட்டுட்டீங்களாக்கா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் திரும்பி லைனுக்கே ஓடினாள், கதை போய்விடுமே. அப்போது திரையின் நடுவில் நீளமாக ஒரு எண் வந்தது. கொஞ்ச நேரம் நின்று மறைந்தது. உன் அப்பா முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்து புள்ள! அது பையனோட கார்டு நம்பரு. பொட்டியத் தெருவுக்கே போட்டா யாரு போடறாங்கன்னு கண்டுபுடிக்கத்தான் அந்த நம்பர உடறாங்க. எவனாச்சும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிட்டா பையன் வேலை போயிரும்" என்றார்.

நான் நிறுத்தவில்லை. இன்றைக்கும் போட்டேன், இன்றைக்கும் அந்த எண் வந்தது. உன் அப்பா கெஞ்சிப் பார்த்தார், இப்போது என்னோடு பேசுவதில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் நான் சொல்லமாட்டேன். உன் வேலை போகும் என்று தெரிந்துதான் செய்கிறேன். பெற்றவள் செய்கிற காரியமா என்று கேட்பாய். நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன், ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனாலும் காலையில் எழுந்து போட்டேன். அன்றைக்கு ஏசி அறையில் அப்படி ஒரு ஸ்கீமே இல்லை என்றார்கள். இன்றைக்கு உங்களிடம் இருக்கிறது, அதை விற்பவனே நீதான். உன் மேலதிகாரி முன்னால் போய் நின்று, இந்த மாதிரி ஒரு சின்னக் கேபிள்காரருக்கு, லைன் வீட்டுப் பெண்களுக்காக, காலையில் ஒரு நாடகம் போட முறைப்படி அனுமதி கொடுங்கள் என்று கேள். கொடுத்தால் உண்டானதைக் கட்டுகிறேன், பெட்டியை மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். மாட்டோம் என்றால் நாளைக்கும் ஆறரைக்குப் போடுவேன், உன் எண்ணோடுதான் போடுவேன். அதைப் பொறுக்க முடியாவிட்டால் உனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பில் எழுந்து நின்றாயே, அதே மாதிரி எழுந்து நின்று, எங்கம்மா மறுபடியும் போடுகிறாள் என்று சொல். அன்றைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் சொன்னாய். இந்தத் தடவை தெரிந்து சொல்.

அம்மா